சிறைக்குள் கதை சொல்லப் போகிறீர்களா?

ஏற்காட்டு மலையில் இருக்கும் வெள்ளக்கடையிலிருந்து இறங்கி, ஏற்காட்டுச் சாலை வழியாகச் சேலத்துக்குள் நுழைந்தால் அஸ்தம்பட்டி வரும். 1862-ல் தொடங்கப்பட்ட சேலம் மத்திய சிறை அங்கேதான் இருக்கிறது. அந்த மதிலுக்குள் வேலை என்றதும் வார்டர் வேலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கைதிகளோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து கதை சொல்லி, கதை கேட்டு, அவர்கள் மனம் ஆற வழி செய்வதும் ஒரு வேலைதான். சமூகப்பணி படித்தவர்கள், உளவியல் மாணவர்கள், நாடகக்காரர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் இதற்கு வரலாம். ஆர்வம் மட்டும் போதாது. எப்படி நுழைவது, என்ன செய்வது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாக்குமூலம் வேறு, கதை வேறு

சிறையில் இருப்பவர் தன் கதையை ஏற்கெனவே பலமுறை சொல்லியிருப்பார். காவல் நிலையத்தில் ஒருமுறை, வக்கீலிடம் ஒருமுறை, நீதிமன்றத்தில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்டவர் வேறு ஒருவர். எங்கே தொடங்க வேண்டும், எதை விட வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒருவரே தீர்மானித்தார். அப்படி வெளிவந்தது வாக்குமூலம். தொடக்கத்தையும் முடிவையும் சொல்பவரே தீர்மானிக்கும்போதுதான் அது கதையாகிறது. உங்கள் வேலை அந்த உரிமையை அவரிடம் திருப்பிக் கொடுப்பது.

இதற்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தைத் தினம் 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதினார்கள். நடந்ததோடு தங்கள் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. எழுதி முடித்த உடனே மட்டும் அவர்கள் மனம் இன்னும் கனத்திருந்தது. இந்த இரண்டாவது தகவலைச் சிறையில் வேலை செய்பவர் மறக்கவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வொயிட், நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டன் இருவரும் வளர்த்தெடுத்த கதைவழி உளச் சிகிச்சை இன்னொரு பாடம் தருகிறது. சிக்கல்தான் சிக்கல், மனிதர் சிக்கல் அல்லர் என்பது அதன் அடிப்படை. ‘நான் கோபக்காரன்’ என்று சொல்பவரிடம், ‘அந்தக் கோபம் முதலில் எப்போது வந்தது? எப்போதெல்லாம் அதை நீங்கள் வெளியே நிறுத்தினீர்கள்?’ என்று கேட்பார்கள். கேள்வி இப்படித் திரும்பும்போது, அவர் வாழ்க்கையில் வழக்குக்கு வெளியே இருக்கும் பகுதிகள் பேச்சுக்கு வரும்.

முன்னால் நடந்தவர்கள்

தமிழில் இதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், ஆந்திரத்தில் குண்டூர் லாக்கப்பில் தான் பட்ட வதையை ‘லாக்கப்’ என்ற நூலாக எழுதினார். அதுவே வெற்றிமாறனின் ‘விசாரணை’ படமானது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுளாகக் குறைக்கப்பட்ட தியாகு, சிறைக்குள்ளேயே மார்க்ஸின் ‘மூலதன’த்தைத் தமிழாக்கினார். உடனிருந்த கைதிகளின் வாழ்க்கையை ‘சுவருக்குள் சித்திரங்கள்’ என்று எழுதினார். இருவருமே வழக்குக் கட்டில் இருந்த தங்கள் பெயரை மீட்டுத் தாங்களே எழுதிக்கொண்டவர்கள்.

மைசூரு ரங்காயணக் கலைஞர் ஹுலுகப்பா கட்டிமணி, கர்நாடகச் சிறைக் கைதிகளை நடிகர்களாக்கிக் கிரீஷ் கார்னாட், ஷேக்ஸ்பியர் நாடகங்களை மேடையேற்றினார். கொல்கத்தாவில் நடனக் கலைஞர் அலகானந்தா ராய் 2007-ல் பிரசிடென்சி சிறைக்குள் போனார். கொள்ளைக்காரன் கவியாகும் கதையைச் சொல்லும் தாகூரின் ‘வால்மீகி பிரதிபா’வைக் கைதிகளைக் கொண்டே நடத்தினார். அதில் வால்மீகியாக நடித்த நைஜல் அக்கரா, விடுதலைக்குப் பின் திரைப்பட நடிகரானார். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தரும் நிறுவனத்தையும் தொடங்கினார்.

பிரேசிலில் 2012 முதல் கைதி ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றி எழுதிக் கொடுத்தால் நான்கு நாள் தண்டனை குறையும். ஆண்டுக்கு 48 நாள் வரை. இங்கிலாந்தின் ‘ஸ்டோரிபுக் டாட்ஸ்’ அமைப்பு, சிறையில் இருக்கும் தகப்பன்மார் சொல்லும் கதையைப் பதிவு செய்து அவர்களின் பிள்ளைகளுக்கு அனுப்பிவைக்கிறது.

தமிழ்நாட்டிலும் நிலம் பண்பட்டு வருகிறது. மதுரை மத்திய சிறை நூலகத்துக்காக 2022-ல் பெரிய அளவில் புத்தகம் திரட்டினார்கள். நடிகர் விஜய் சேதுபதி ஆயிரம் புத்தகங்கள் கொடுத்தார். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத் துறையே ‘கூண்டுக்குள் வானம்’ என்ற அரங்கை வைத்து நன்கொடைப் புத்தகம் வாங்கியது. புத்தகம் உள்ளே போய்விட்டது. அதை எடுத்து வைத்துக்கொண்டு கூடிப் பேச ஆள்தான் வேண்டும்.

உங்களுக்குப் பொருந்துமா?

நன்றாகப் பேசுவது இங்கே இரண்டாவது தகுதி. முதல் தகுதி, தவறாமல் வருவது. வெளியிலிருந்து வருவதாகச் சொன்னவர் வராமல் போவது உள்ளே இருப்பவருக்குப் பழகிப்போன ஏமாற்றம். ‘மனு’ பார்க்க, அதாவது சிறையில் நேரில் சந்திக்க, வருவதாகச் சொன்ன உறவுக்காரர், ஜாமீன் எடுப்பதாகச் சொன்ன நண்பர் என்று அந்தப் பட்டியல் நீளம். அதில் நீங்களும் சேரக் கூடாது. வெள்ளக்கடை போன்ற ஊரிலிருந்து போகிறவர் மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரியும் என்பதையும் கணக்கில் வைத்து, மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே சிறையின் நல அலுவலரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டு வகை ஆட்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. ஒன்று, குற்றத்தின் விவரம் கேட்கும் ஆவல் உள்ளவர். இன்னொன்று, ஒரே அமர்வில் எல்லோரையும் திருத்திவிட நினைப்பவர். அறிவுரை அவர்களுக்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்திருக்கிறது.

கதவு திறக்கும் வழிகள்

அரசுப் பணி: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வின் பதவிகளில் நன்னடத்தை அலுவலர் பணியும் உண்டு. சிறை அலுவலர், உதவிச் சிறை அலுவலர் பணிகளுக்கும் டி.என்.பி.எஸ்.சி. வழியாகவே ஆள் எடுக்கிறார்கள். இரண்டாம் நிலைச் சிறைக் காவலர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. மத்திய சிறைகளில் நல அலுவலர், உளவியலாளர் பணியிடங்களும் உண்டு. சீருடைப் பணியில் இருந்துகொண்டே கதை வட்டம் நடத்த முடியும். வேலூரில் 1979 முதல் இயங்கும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சிக் கழகம் தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தருகிறது.

தொண்டு நிறுவனம்: டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘பிரயாஸ்’ 1990 முதல் மும்பைச் சிறைகளில் சமூகப் பணியாளர்களைக் கொண்டு வேலை செய்கிறது. சமூகப்பணி முதுகலை படிப்பவர்கள் களப்பயிற்சிக்கு இத்தகைய அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பிறகு வேலை தேடுவது எளிது.

சட்டப்பணிகள் ஆணைக்குழு: ஒவ்வொரு மாவட்ட ஆணைக்குழுவும் சட்ட உதவித் தன்னார்வலர்களைத் தேர்ந்து பயிற்சி தருகிறது. சட்டப் பட்டம் தேவையில்லை. சிறை நடைமுறையைச் சட்டபூர்வமாகக் கற்றுக்கொள்ள இது நல்ல வழி. சேலத்துக்காரர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரிக்கலாம்.

தனி விண்ணப்பம்: சிறைக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதி, நகலைச் சென்னை எழும்பூரில் உள்ள சிறைத் துறைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது. கல்லூரி, நூலக வாசகர் வட்டம், பதிவு பெற்ற அமைப்பு ஏதாவது ஒன்றின் பெயரில் போனால் கடிதத்துக்கு மதிப்பு கூடும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அதில் இவை இருக்கட்டும்:

- எத்தனை வாரம், வாரத்தில் எந்த நாள், எத்தனை நிமிடம்
- எத்தனை பேர் (15-க்கு மேல் கேட்காதீர்கள்)
- தண்டனைக் கைதிகளா, விசாரணைக் கைதிகளா, பெண்களா
- உள்ளே கொண்டுவரும் பொருள்களின் முழுப் பட்டியல்
- வருபவர்களின் அடையாளச் சான்று, காவல் துறைச் சரிபார்ப்புக்கு இசைவு
- புகைப்படம், ஒலிப்பதிவு, ஊடகப் பேட்டி எதுவும் இல்லை என்ற உறுதி

கடைசி வரிதான் பல கதவுகளைத் திறக்கும்.

படிப்பு, பயிற்சி

பட்டம் கட்டாயமில்லை, இருந்தால் நல்லது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் படிக்கலாம். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. கதை சொல்லும் கலைக்கு, சென்னையில் எரிக் மில்லர் நடத்தும் உலகக் கதைசொல்லல் நிறுவனம் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது. ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலராக இருந்தவர்களுக்கு ஒரு கூட்டத்தைக் கதையால் கட்டிவைக்கும் பழக்கம் ஏற்கெனவே வந்திருக்கும். அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். அது இல்லாதவர் ‘தெரபிஸ்ட்’ என்று அட்டை அடித்துக்கொண்டு போகக் கூடாது. ‘கதை வட்டம் நடத்துபவர்’ என்று சொன்னால் போதும்.

எட்டு வாரத் திட்டம்

முதல் முறை போகிறவர் எட்டு வாரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரம். வட்டமாக உட்காருங்கள், நீங்கள் மட்டும் நாற்காலியில் உட்காராதீர்கள். வெள்ளை, காக்கி உடை வேண்டாம். ஒன்று தண்டனைக் கைதிகளின் நிறம், இன்னொன்று காவலர்களின் நிறம். போன், ஸ்மார்ட் வாட்ச், பணம், கம்பி கோத்த நோட்டு எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும். வயதில் மூத்தவரை ‘அண்ணா’, ‘ஐயா’, ‘அக்கா’ என்று அழையுங்கள். கைதி எண்ணால் மட்டும் யாரையும் கூப்பிடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் கேட்கட்டும். சிரிக்க வைக்கும் நாட்டுப்புறக் கதைகளே போதும். கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் ஓராண்டுக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் கதையைப் பாதியில் நிறுத்தி முடிவை அவர்களிடம் கேளுங்கள். ஒரே கதைக்குப் பத்து முடிவு வரும். எந்த முடிவையும் சரி, தவறு என்று சொல்லாதீர்கள்.

ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் அவர்கள் ஊர்க் கதைக்குப் போங்கள். ஊர்ச் சாமி, ஆத்தா சொன்ன பேய்க்கதை, முதல் சம்பளம், பள்ளிக்கூட வாத்தியார், அம்மா வைக்கும் குழம்பு. வழக்கைத் தொடாமல் வாழ்க்கையைத் தொடும் கேள்விகள் இவை. எழுதத் தெரியாதவர் சொல்லட்டும். எழுதத் தெரிந்த உடன்கைதி எழுதிக் கொடுக்கட்டும். அந்த இருவருக்குள்ளும் உண்டாகும் நட்பு நீங்கள் வராத ஆறு நாளும் வேலை செய்யும்.

கடைசி இரண்டு வாரம், யாருக்காகவாவது ஒரு கதை. பிள்ளைக்கு, தங்கைக்கு, பேரனுக்கு. நிர்வாகம் அனுமதித்தால் அதைக் கடிதமாக வீட்டுக்கு அனுப்பலாம். விரும்பாதவர் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம்.

பென்னிபேக்கர் ஆய்வின் அந்த இரண்டாவது தகவல் இங்கேதான் உதவும். கனமான நினைவைச் சொன்னவர் உடனே லேசாகிவிட மாட்டார். வீட்டில் இருப்பவருக்கு அழுதுவிட்டுக் கொல்லைப்புறம் போய் உட்கார இடம் உண்டு. கைதிக்கு மாலை அடைப்புக்குப் பின் விடியும்வரை அதே அறை, அதே ஆட்கள். ஆகவே அமர்வைக் காலையிலோ முற்பகலிலோ வையுங்கள். கடைசிக் கால் மணி நேரம் பாட்டு, விடுகதை, சிரிப்பு என்று இருக்கட்டும். கலங்கிப் போனவர் யார் என்று நல அலுவலரிடம் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

எந்தக் கதை, எப்போது?

நம் நாட்டார் மரபில் தண்டிக்கப்பட்டவர்கள் பலர் தெய்வமாகியிருக்கிறார்கள். காத்தவராயன் கழுவேறினான். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். இன்று இருவருக்கும் பொங்கல் வைக்கிறோம். ஆயுள் தண்டனைக் கைதிகள் வட்டத்தில் இந்தக் கதைகள் பெரும் விவாதத்தைக் கிளப்பக்கூடியவை. நம்பிக்கை ஏற்பட்ட பிறகு எடுங்கள்.

கோவலன் கதையைத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள். ‘விசாரிக்காமல் தண்டித்தார்கள்’ என்ற இடத்தில் ஒவ்வொருவரும் தன் வழக்கை நினைப்பார்கள். அமர்வு உங்கள் கையை மீறிப் போகும். பெண்கள் சிறையில் நல்லதங்காள் கதை வேண்டவே வேண்டாம். பிள்ளைகளைப் பிரிந்து தவிக்கும் தாய்மார் முன்னால் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட கதையைச் சொல்வது கொடுமை.

தாண்டக் கூடாத கோடுகள்

வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் இன்னும் குற்றவாளி என்று தீர்மானிக்கப்படாதவர்கள். காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. உங்களைப் போன்ற வெளியாளிடம் சொன்னது சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படலாம். யாராவது வழக்கு விவரத்துக்குள் போனால், ‘இதை உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள் அண்ணா’ என்று அங்கேயே நிறுத்துங்கள். அது கடுமை இல்லை, பாதுகாப்பு.

ரகசியத்தின் எல்லையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம், பிறரைத் தாக்கும் திட்டம், தப்பிக்கும் திட்டம் ஆகிய மூன்றில் எது காதில் விழுந்தாலும் அதிகாரியிடம் சொல்வேன். மற்றவை வட்டத்துக்குள்ளேயே இருக்கும்’ என்று சொல்லுங்கள். மனநோய் அறிகுறி தெரிந்தால் சிறை மருத்துவரிடம் சொல்லுங்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிறைவாசிகளுக்கும் சிகிச்சை உரிமையை உறுதி செய்கிறது.

தூது போகாதீர்கள். ‘வீட்டுக்கு ஒரு போன் மட்டும்’ என்பதில் தொடங்கும் உதவி உங்கள் அனுமதியையும் அந்த வட்டத்தையும் சேர்த்து முடித்துவிடும். கைதிகளின் கதையை உங்கள் பெயரில் எழுதிப் புகழ் தேடாதீர்கள். அந்தக் கதைக்குள் பாதிக்கப்பட்ட இன்னொரு குடும்பமும் இருக்கிறது. அவர்கள் படித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

காவலர்களையும் மறக்காதீர்கள். மதிலுக்குள் நாள் முழுக்க இருப்பவர்கள் அவர்கள். வாசலில் நிற்கும் வார்டரை, ‘நீங்களும் உட்காருங்கள் சார்’ என்று கூப்பிடுங்கள். சேலம் சிறைக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1950 பிப்ரவரி 11 அன்று காவலர்கள் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் அங்கே இறந்தார்கள். காவலரும் கைதியும் ஒரே கதைக்குச் சிரிப்பது அங்கே சிறிய விஷயம் இல்லை.

வருமானம் எப்படி?

ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிறையில் கதை சொல்வதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அரசுப் பணிக்கு மாதச் சம்பளம் உண்டு. தொண்டு நிறுவனத் திட்டங்களில் நிதி இருக்கும்வரை ஊதியம். சட்ட உதவித் தன்னார்வலருக்கு வேலை செய்த நாளுக்கு மதிப்பூதியம். மற்றபடி பள்ளி, கல்லூரி, நிறுவனங்களில் கதைப் பட்டறை நடத்திச் சம்பாதித்து, சிறைக்கு வாரம் அரை நாள் ஒதுக்குவதே நடைமுறைக்கு ஒத்த வழி. உங்கள் மனமும் களைக்கும். மாதம் ஒருமுறை அனுபவமுள்ள ஆலோசகரிடம் பேசுங்கள். தேவைப்பட்டால் அரசின் டெலி-மானஸ் 14416 எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

மலைக்காரர்களுக்கு ஒரு சொல்

சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் என்று தங்கள் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இந்த மரபில் வளர்ந்தவருக்குக் கதை வட்டம் புதிதில்லை. தேவையும் அருகிலேயே இருக்கிறது. 2013 டிசம்பரில் திருப்பதி அருகே வனத் துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில், செம்மரம் வெட்டப் போனதாகத் தமிழகத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலைக் கிராமங்களைச் சேர்ந்த பழங்குடியினர். இருநூறுக்கும் மேற்பட்டோர் இரண்டு ஆண்டுக்கு மேல் மொழி தெரியாத ஆந்திரச் சிறையில் கிடந்து 2016-ல் விடுதலையானார்கள். சிறையிலிருந்து ஊர் திரும்பியவரிடம் வழக்கு என்னாச்சு என்று கேட்க ஆயிரம் பேர் உண்டு. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர் குறைவு. மலைப்பேச்சு தெரிந்த ஒருவர் சிறைக்குள்ளும் ஊருக்குள்ளும் அந்த வேலையைச் செய்யலாம்.

முதலில் உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு கதை வட்டத்தை எட்டு வாரம் நடத்திப் பாருங்கள். ஒரு வாரமும் தவறாமல் நடத்த முடிந்தால் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள். முடியவில்லை என்றால் நல்ல புத்தகங்கள் பத்தைச் சிறை நூலகத்துக்குக் கொடுங்கள், அதுவும் உதவிதான். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் மட்டும் இருக்காதீர்கள்.